எழுபது வளைவும் ஒற்றை ஆளும்

பைக்கில் மலையேறிவிட்டு வந்தேன் என்று சொன்னால், ‘நல்லா இயற்கையை ரசிச்சிருப்பீங்களே’ என்பார்கள். கேட்பவர் பெரும்பாலும் காரின் பின்சீட்டில் மலையேறியவராக இருப்பார். ஓட்டுகிறவனுக்குக் காட்சி என்றால் தார்ச்சாலைதான். அதிலும் கொல்லிமலைச் சாலை கண்ணை அப்படி இப்படித் திரும்ப விடாது.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து மேலே போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். இத்தனையாவது வளைவு என்று ஒவ்வொன்றுக்கும் பலகை உண்டு. இடப்பக்கம் திரும்பும் வளைவுதான் ஆளைச் சோதிக்கும். நாம் இடது ஓரமாகப் போகிறவர்கள் என்பதால் வளைவின் உள்விளிம்பு நம் பங்குக்கு வருகிறது. ஏற்றம் செங்குத்தாக இருப்பதும் அங்கேதான். வளைவுக்குள் போனபிறகு கியர் மாற்றலாம் என்றிருந்தால் பாதியில் வண்டி திணறும். முன்பே கியரைக் குறைத்துக்கொண்டு, வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தபடி திருப்ப வேண்டும். பள்ளத்தைப் பார்த்தால் வண்டியும் பள்ளத்துக்குத்தான் போகும்.

ஆக, கண்ணைச் சாலைக்கு அடகு வைத்தாயிற்று. பின்னால் யாராவது உட்கார்ந்திருந்தால் ‘அங்கே பாரு, இங்கே பாரு’ என்று நமக்கும் சேர்த்துப் பார்ப்பார்கள். தனியாகப் போனால் அதுவும் இல்லை. அப்போதுதான் மலை வேறு வழிகளில் வந்து சேர்கிறது.

முதலில் தோலுக்குத் தெரியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்று பள்ளியில் படித்த கணக்கை இந்தச் சாலை சட்டைக்குள் செய்து காட்டுகிறது. பங்குனி வெயிலில் அடிவாரத்தில் முதுகோடு ஒட்டிய சட்டை, பாதி மலை ஏறுவதற்குள் காய்ந்துவிடும். மரநிழல் விழும் வளைவுக்குள் நுழைந்தால் முழங்கையில் சில்லென்று இருக்கும். அடுத்த வளைவு வெயில் பக்கம் திரும்பியதும் அது போய்விடும். இடையில் காது அடைத்துக்கொள்ளும். எச்சில் விழுங்கினால் திறந்து, இன்ஜின் சத்தம் திடீரென்று கூடிவிட்டது போல் கேட்கும்.

அப்புறம் மூக்கு. மேலிருந்து இறங்கும் பஸ்ஸின் ஹாரன் கேட்டு ஓரம் கட்டி நின்றால், பஸ் கடந்துபோன பின்னும் பிரேக் லைனிங் சூடேறிய வாடை அங்கேயே நிற்கும். மேலே சோளக்காடு என்ற ஊரை நெருங்க நெருங்க வேறு வாசனைகள். வீட்டு வாசலில் பாயில் காயப்போட்ட மிளகின் நெடி ஒரு திருப்பத்தில் வரும். கோடை மழை பெய்து எட்டுப் பத்து நாள் ஆகியிருந்தால் காப்பிச் செடிகள் ஒன்றாகப் பூத்திருக்கும். மல்லிகைக்குத் தங்கை என்று சொல்லும்படியான அந்த வாசனை ஹெல்மெட்டுக்குள் புகுந்தால் அடுத்த வளைவு வரை கூடவே வரும். கண்ணாடியை ஏற்றிவிட்ட கார்க்காரருக்கு இது கிடையாது.

மலைமேல் இருக்கும் செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என வரிசையாக ஒரே அம்பில் துளைத்தவன் என்று புறநானூறு சொல்லும் வேட்டுவன். இந்த மலையைக் காட்டுப் பாதையில் ஏறி இறங்கியவனுக்குக் காதும் மூக்கும் கண்ணுக்கு முன்னால் வேலை செய்திருக்க வேண்டும்.

அங்கே டீக்கடை அம்மா கேட்டார்: “ஒத்தையாவா வந்தீங்க தம்பி? பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லாம?”

“ஆள் இருந்தா பேசிக்கிட்டே வந்திருப்பேம்மா.”

“அதுவும் சரிதான். பேசுனா இந்த ரோட்டுல வண்டி ஓட்ட முடியாது” என்று அவர் வேறொரு அர்த்தத்தில் ஒப்புக்கொண்டார்.

இறக்கத்தில் பிரேக்கை நம்பி இறங்கக்கூடாது. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டியவனும் இறங்குகிறவன்தான். எல்லா வாசனையும் தலைகீழ் வரிசையில் வந்து, கடைசியில் சமவெளியின் அனல் முகத்தில் அடிக்கும்போது அடிவாரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கொல்லிமலையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நாமக்கல்லில் பஸ் ஏறி ஜன்னலோரம் இடம்பிடிப்பது நல்லது. நானும் ஒருமுறை அப்படிப் போகலாம் என்றிருக்கிறேன். இவ்வளவு முகர்ந்த மலை எப்படித்தான் இருக்கும் என்று ஒருநாள் பார்த்துவிட வேண்டாமா?