கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

பூனாவிலிருந்த ஐரோப்பியர் கிளப்பில் 1890களில் பல்வங்கர் பாலு என்ற இளைஞருக்கு மாதச் சம்பளம் நாலு ரூபாய். ஆடுகளத்தை உருளை ஓட்டிச் சமன் செய்ய வேண்டும். வலை கட்ட வேண்டும். பயிற்சிக்கு வரும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மணிக்கணக்கில் பந்து வீச வேண்டும். மட்டையை மட்டும் அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது துரைமார்களின் உரிமை.

இடது கைச் சுழல்பந்தில் பாலு கெட்டிக்காரர் என்ற பேச்சு ஊருக்குள் பரவியதும் பூனா இந்துக்களின் கிளப்பில் சர்ச்சை எழுந்தது. பாலு, தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சமார் சாதியில் பிறந்தவர். சேர்த்தால் தீட்டு, விட்டால் வெள்ளையரிடம் தோல்வி. கடைசியில் ஜெயிக்கும் ஆசையே ஜெயித்தது. மைதானத்தில் எல்லோரும் தொடும் பந்தை அவரும் தொடலாம். தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்குப் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பை. அவருக்கு வெளியே மண் குவளை. 1911ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார் பாலு. அப்படியும் பம்பாய்ப் போட்டிகளில் இந்து அணியின் கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1923ல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது.

இது பழைய கதை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் யார் ஆடலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்ற கோடு இடம் மாறியிருக்கிறதே தவிர, அழிந்துவிடவில்லை.

ஹரியாணாவின் ஷாஹாபாதில் வண்டி இழுத்துப் பிழைத்தவரின் மகள் ராணி ராம்பால். ஹாக்கிப் பயிற்சிக்கு வருபவர்கள் தினமும் அரை லிட்டர் பால் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே விதி. வீட்டில் 200 மில்லிதான் வாங்க முடிந்தது. மிச்சத்துக்குத் தண்ணீர் கலந்து எடுத்துப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். குட்டைப் பாவாடை அணிந்து ஓட வீட்டில் சம்மதிக்காததால், ஆரம்பத்தில் சல்வார் கமீசில்தான் ஓடினார். 2010 உலகக் கோப்பையில் ஆடியபோது அவருக்கு வயது 15. 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் தலைமையில் இந்தியப் பெண்கள் நாலாவது இடம் பிடித்தார்கள்.

ராஜஸ்தானின் சுரு மாவட்டத்தைச் சேர்ந்த தேவேந்திர ஜஜாரியா, எட்டு வயதில் மரம் ஏறியபோது மின்கம்பி பட்டு இடது கையை இழந்தார். 2004ல் ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் ஈட்டி எறிந்து தங்கம் வென்றார். அடுத்த இரண்டு பாராலிம்பிக்கிலும் அவருடைய பிரிவுக்குப் போட்டியே இல்லை. 12 ஆண்டுகள் காத்திருந்து 2016ல் ரியோவில் மீண்டும் தங்கம். இரண்டு முறையும் உலக சாதனை.

இப்படிப்பட்டவர்கள் ஜெயித்த பிறகு நாடு கைதட்டுகிறது. கூடவே, 'திறமை இருந்தால் யாராலும் தடுக்க முடியாது' என்று ஒரு தவறான பாடத்தையும் கற்றுக்கொள்கிறது. பாலுக்குக் காசில்லாமல் பாதியில் நின்றுபோன பெண்களை யாரும் எண்ணி வைக்கவில்லை.

தவிர, விளையாட்டு பதக்கம் வாங்குபவர்களின் சொத்து அல்ல. 2022ல் இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் உடலுக்குத் தேவையான அளவு அசையவில்லை என்று 2024ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வு கூறியது. ஆண்களில் 42 சதவீதம். பெண்களில் 57 சதவீதம். இதன் விளைவு சர்க்கரை நோயாகவும் மாரடைப்பாகவும் வீடு தேடி வருகிறது.

இதற்குச் சோம்பேறித்தனத்தை மட்டும் காரணம் சொல்வது சுலபம். வேலை முடிந்து வந்து அடுப்படியில் நுழையும் பெண்ணுக்கு நேரம் எங்கே? நேரம் கிடைத்தாலும், விளக்கு எரியாத பூங்காவில் தனியாக எப்படி நடப்பது? பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. மைதானம் இருந்தாலும், பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்கிறார். வயதுக்கு வந்த பெண்ணுக்கு 'ஓடாதே' என்ற உத்தரவு. காலில் குறையுள்ள பையனுக்கு ஸ்கோர் எழுதும் வேலை.

இவற்றை மாற்றப் பெரிய ஸ்டேடியம் எதுவும் வேண்டாம். மாலையில் பள்ளி மைதானத்தின் கேட்டைப் பூட்டாமல் விடலாம். இரண்டு விளக்குகள் போடலாம். பெண்கள் உடை மாற்ற ஓர் அறையும் கழிப்பறையும் கட்டலாம். கபடிக்கும் கோகோவுக்கும் மட்டையோ பந்தோ தேவையில்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகமாக நடப்பதும் அதில் சேரும்.

இன்னொரு காரியத்துக்குச் சல்லிக் காசு செலவில்லை. ஒவ்வொரு பி.டி. பீரியடிலும் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருக்கும் ஒரு பெண் இருப்பாள். 'எழுந்து வா, ஒரு ஆள் குறைகிறது' என்று அவளைக் கூப்பிட வேண்டும்.