கடல் கடந்து வரும் பொருள்

பொருள்வயிற் பிரிவைச் சங்கச் சான்றோர் பலபடப் பாடினர். இல்லாதார்க்கு ஈதற்பொருட்டே பொருள் தேடப் புறப்படுவதாகத் தலைவன் கூறுவதும் உண்டு. ஆயினும், அவன் ஈட்டிய பொருள் யார் யார் வறுமையைத் தீர்த்தது என்னும் கணக்கை அப்பாடல்களில் தேடிப் பயனில்லை. அக்கணக்கைக் காண இக்காலத்தில் திருவனந்தபுரத்தினும் ஏற்ற ஊர் அரிது.

1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகளில் கட்டட வேலை பெருகியது. கேரள இளைஞர் திரளாகச் சென்றனர். இந்நகரிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தில் கே.சி. சக்கரியா, எஸ். இருதயராஜன் ஆகியோர் 1998-இல் இக்குடிப்பெயர்ச்சியை அளக்கத் தொடங்கினர். கேரளத்தின் வறுமை குறைய நிலச்சீர்திருத்தத்தினும் தொழிற்சங்க இயக்கத்தினும் குடிப்பெயர்ச்சியே மிகுதியும் உதவியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அயல்நாடுகளில் வாழும் கேரளத்தார் ஏறத்தாழ 22 இலட்சம் பேர். ஓராண்டில் வந்த தொகை 2 இலட்சத்து 16 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

இப்பெருந்தொகை எல்லார் வீட்டுக்கும் நேரே வருவதன்று. விசாவுக்கும் விமானத்துக்கும் பணம் வேண்டும். அடகு வைக்க நகையோ நிலமோ உடையவனே புறப்படுகிறான். ஏதுமற்றவன் ஊரிலேயே நின்றுவிடுகிறான்.

ஆனால் வந்த பணம் வீடாக எழும்போது பிறர்க்குக் கூலியாகிறது. அக்கூலியை நாடித் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் பலர். கொத்தனாரான என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். தென்காசியருகே எங்கள் சிற்றூருக்கு மாதந்தோறும் மணியார்டர் வரும். பாட்டி முதலில் தீர்ப்பது பலசரக்குக் கடைப் பற்று. எஞ்சியது எங்கள் படிப்புக்கு. நான் பட்டம் பெற்று நடுவணரசு எழுத்தனானதும் அப்பணத்தினாலேயே. துபாயில் எவரோ சிந்திய வியர்வை, எங்கள் வீட்டு அடுப்பையும் எரித்தது.

இன்று அவ்வேலைக்கு வங்காளத்தினின்றும் ஒடிசாவினின்றும் வருகின்றனர். 2013-இல் குலாத்தி நிதி, வரியியல் நிறுவனம் கேரளத்திலுள்ள வெளிமாநிலத் தொழிலாளர் 25 இலட்சம் எனவும், அவர்கள் ஆண்டுதோறும் ஊருக்கு அனுப்புவது 17,500 கோடி ரூபாய் எனவும் மதிப்பிட்டது. இவ்வாறு ஒரு நாட்டின் கூலி பல ஊர்களின் உணவாகிறது.

எனினும், கூலி வேலைக்கும் செல்ல இயலாத முதியவள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறாள். பணம் அனுப்ப அவளுக்கு ஒருவருமில்லை. அவளைக் காப்பன நியாயவிலைக் கடையும் அரசு ஓய்வூதியமும் ஆகும். அயல்நாட்டுப் பணம் மிக வருகிறதே என்று இவற்றைக் குறைக்க எண்ணுதல் அறமன்று. இல்லாதார்க்கு ஈதல் கடல் கடந்த மகனின் கடமை மட்டுமன்று. அரசுக்கும் அது கடமையே.