கிரிவலத்தில் போட்ட கணக்கு

இந்தக் கட்டுரையைப் படிக்கும் சகோதரிகளில் பாதிப் பேராவது திருவண்ணாமலைக்குப் போயிருப்பீர்கள். மீதிப் பாதிப் பேர், "அடுத்த பௌர்ணமிக்காவது கட்டாயம் போய்விட வேண்டும்" என்று நாலு வருஷமாகச் சொல்லிக் கொண்டிருப்பீர்கள். நான் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவள். சென்ற மாதம்தான் கட்சி மாறினேன். அதற்குக் காரணம் பக்தி என்று சொன்னால் அண்ணாமலையாரே சிரித்துவிடுவார். காரணம், என் வீட்டுக்காரரின் சட்டைப் பையில் இருந்த ஒரு விண்ணப்பப் பாரம்!

ஒரு கடையில் ஏதோ குலுக்கல் சீட்டில் பெயர் எழுதிப் போட்டிருந்தோம். சில நாளில் டெலிபோன் வந்தது. "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, தம்பதியாக வந்து வாங்கிக் கொள்ளுங்கள், சாப்பாடும் உண்டு" என்றார்கள். போனோம். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாயசம் வருவதற்கு முன்னால் ஒரு பிள்ளையாண்டான் வந்து உட்கார்ந்து, படங்களை விரித்தான். ஊட்டி, கோடைக்கானல், மூணாறு, திருவண்ணாமலை! ஒரு தடவை நாலு லட்சம் கட்டி மெம்பர் ஆகிவிட்டால், வருஷத்துக்கு ஏழு நாள் வீதம் இருபத்தைந்து வருஷம் எங்கே வேண்டுமானாலும் போய்த் தங்கலாமாம். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் விலையில் சலுகையாம்.

இவர் திருவண்ணாமலைப் படத்திலேயே கண்ணாக இருந்தார். "அம்மாவை வருஷா வருஷம் அழைத்துப் போகலாமே" என்றார்.

என் மாமியாருக்கு வயது எழுபத்தாறு. அவருக்கு அண்ணாமலையார் என்றால் உயிர். ஆகையால் இவர் சொன்னதில் குற்றம் காண முடியவில்லை. ஆனால் அந்த நாலு லட்சம், பிளஸ் டூ படிக்கும் எங்கள் பெண்ணின் காலேஜ் படிப்புக்காகப் பாங்கியில் போட்டு வைத்த பணம். அதுவும் எனக்கு மறக்கவில்லை.

"கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த ஊரை ஒரு தடவை போய்த்தான் பார்த்துவிட்டு வருவோமே!" என்றேன். சனிக்கிழமை விடியற்காலையில் மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

சென்னையிலிருந்து திருவண்ணாமலை சுமார் 190 கிலோமீட்டர். திண்டிவனம் தாண்டிச் செஞ்சி வந்ததும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கொள்ளுங்கள். பாறை மேல் பாறையாக அடுக்கியது போன்ற குன்றுகளும், அவற்றின் உச்சியில் கோட்டை மதில்களும் தெரியும். 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்ற கோட்டை இது. அதைத் தாண்டிச் சற்று நேரம் போனால், அடிவானத்தில் நீல நிறமாக மலை தெரிகிறது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கன்னத்தில் போட்டுக் கொண்டார்கள். என் மாமியார் மட்டும் கன்னத்தில் போட்டுக் கொள்ளவில்லை. பார்த்துக் கொண்டே இருந்தார்.

கோயிலுக்குப் பக்கத்திலேயே மாடியில் ஓர் அறை கிடைத்தது. வாடகை இரண்டாயிரத்துச் சொச்சம். ஜன்னலைத் திறந்தால் மலை. பௌர்ணமியும் இல்லை, தீபமும் இல்லை. ஆகவே கூட்டமும் இல்லை.

கோயிலைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்வது? ஏறக்குறைய 25 ஏக்கர் பரப்பு, ஒன்பது கோபுரங்கள். கிழக்கே இருக்கும் ராஜகோபுரம் பதினொரு நிலை, 217 அடி உயரம். கிருஷ்ணதேவராயர் தொடங்கி வைக்க, தஞ்சை சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த கோபுரம் அது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. பார்க்காவிட்டால் மனம் வலிக்கிறது. ஆயிரங்கால் மண்டபத்தில் பாதாள லிங்கத்தைத் தரிசித்துவிட்டு, மாமியாரை அறையில் இளைப்பாற விட்டோம். மாலை ஐந்து மணிக்கு நாங்கள் இருவரும் வெறுங்காலுடன் கிரிவலம் கிளம்பினோம்.

பதினான்கு கிலோமீட்டர்! வீட்டில் கணவனும் மனைவியும் இடையூறு இல்லாமல் நாலு மணி நேரம் பேசிக் கொள்வது என்பது கல்யாணமான முதல் மாதத்தோடு சரி. அந்தப் பாக்கியம் மறுபடியும் வேண்டுமானால் கிரிவலம் போங்கள்.

இந்திர லிங்கத்தைத் தாண்டியதும் இவர் ஆரம்பித்தார். "உனக்கு இந்த ஏற்பாடே புரியவில்லை" என்றார்.

"புரியாமல் என்ன? எங்கள் ஊர்ப் பங்குக் கிணறுதானே!" என்றேன்.

எங்கள் தாத்தா காலத்தில் நாலு பங்காளிகளுக்கு ஒரே கிணறு. முறை வைத்து இறைப்பார்கள். உங்கள் முறை செவ்வாய்க்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமைதான். அன்று மழை பெய்தாலும் முறை போனது போனதுதான். நீங்கள் ஒரு வருஷம் இறைக்கவே இல்லை என்றாலும், தூர் வாரும் செலவில் உங்கள் பங்கைக் கொடுத்தாக வேண்டும். இந்த விடுமுறை மெம்பர்ஷிப்பும் அதே மாதிரிதான். 1963-ல் ஸ்விட்ஸர்லாந்தில் ஹாபிமாக் என்ற கம்பெனி விடுமுறை வீடுகளைப் பல பேர் பங்கு போட்டுக் கொள்ளும் முறையைத் தொடங்கியது. நம் நாட்டில் 1986-ல் சென்னையில் ஸ்டெர்லிங் ஆரம்பமானது. 1996-ல் மகிந்திரா வந்தது. இப்போது திருவண்ணாமலையிலேயே ஸ்டெர்லிங்கின் விடுதி ஒன்று இருக்கிறது. மலைவாச ஸ்தலத்துக்கு ஏற்பட்ட ஏற்பாடு புண்ணிய ஸ்தலத்துக்கும் வந்துவிட்டது!

அக்னி லிங்கம் கடந்து, சேஷாத்ரி ஆசிரமமும் ரமணாசிரமமும் வந்தன. உள்ளே போய்ச் சற்று உட்கார்ந்தோம். ரமணர் 1896 செப்டம்பர் முதல் தேதி, பதினாறு வயதுப் பையனாக இந்த ஊருக்கு வந்தவர். அண்ணனுக்குக் காலேஜ் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக் கொண்டு, இரண்டைச் சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினார். 1950 ஏப்ரல் 14-ல் மறையும் வரை ஐம்பத்து மூன்று வருஷத்துக்கு மேல் ஊரை விட்டு நகரவே இல்லை.

"மெம்பர்ஷிப் இல்லாமலே தங்கியிருக்கிறார்" என்றேன்.

இவர் சிரித்தார். பிறகு, "அவரும் காலேஜ் சம்பளத்தில்தானே கை வைத்தார்?" என்றார்.

"மூன்று ரூபாய்தான். இரண்டைத் திருப்பி வைத்துவிட்டாரே! நீங்கள் நாலு லட்சத்தில் எவ்வளவு திருப்பி வைக்கப் போகிறீர்கள்?"

அதற்கு மேல் எம லிங்கம் வரையில் பேச்சில்லை.

எம லிங்கத்துக்கு அப்பால் சுக்குக் காபிக் கடை பெஞ்சில் வயதான தம்பதி ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுக் கொடுத்தோம். அவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அவர்களும் மெம்பராம்! முப்பத்திரண்டு வயதில், குழந்தைகள் சின்னவர்களாக இருந்தபோது சேர்ந்தார்களாம்.

"எங்களுக்கு நஷ்டமில்லை, அம்மா" என்றார் அந்த மாதரசி. "இரண்டு பேருக்கும் பள்ளிக்கூட உத்தியோகம். மே மாதம் லீவு நிச்சயம். ஜனவரியிலேயே அறைக்கு எழுதிவிடுவோம். பதினெட்டு வருஷத்தில் இரண்டே வருஷம்தான் போகவில்லை. பேரப் பிள்ளைகள் இன்றைக்கும் அந்தப் படங்களை எடுத்துப் பார்க்கிறார்கள்."

இவர் வெற்றியோடு என்னைப் பார்த்தார். நான் என் பெரியம்மா பெண்ணின் கதையை ஞாபகப்படுத்தினேன். அக்காவின் கணவர் ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். முதல் வருஷம் பெண் கல்யாணம். அடுத்த வருஷம் ஆடிட்டர் லீவு தரவில்லை. பிறகு அக்காவுக்கு முழங்கால் வலி. மொத்தம் மூன்று தடவைதான் போனார்கள். ஆனால் வருஷச் சந்தா மட்டும் தவறாமல் வீடு தேடி வந்தது.

நிருதி லிங்கம் தாண்டி, தெரு விளக்கின் கீழ் நின்று, விண்ணப்பத்தின் பின் பக்கத்திலேயே கணக்குப் போட்டோம். நீங்களும் ஒரு பென்ஸிலை எடுத்துக் கொள்ளுங்கள். விலை நாலு லட்சம். வருஷச் சந்தா இருபதாயிரம் என்று வைத்துக் கொள்வோம், அது ஏறவே ஏறாது என்றும் வைத்துக் கொள்வோம் (ஏறும்!). இருபத்தைந்து வருஷத்தில் சந்தா மட்டும் ஐந்து லட்சம். ஆக ஒன்பது லட்சம். ஒரு வருஷம் கூட விடாமல் போனால் 175 இரவு. ஓர் இரவுக்கு 5,142 ரூபாய். பத்து வருஷம்தான் போக முடிந்தது என்றால் 70 இரவு. ஓர் இரவுக்கு 12,857 ரூபாய். நாலு லட்சத்தைப் பாங்கியிலேயே விட்டு வைத்து நூற்றுக்கு ஏழு வட்டி கிடைத்தால் வருஷம் 28,000. அதோடு கட்டாத சந்தா இருபதாயிரத்தையும் சேர்த்தால் 48,000. அந்தப் பணத்தில் வருஷா வருஷம் இஷ்டப்பட்ட ஊரில் இஷ்டப்பட்ட நாளில் தங்கலாம். முதலும் கையில் இருக்கும்.

"அப்படியானால் யாருமே சேரக் கூடாதா? அந்த ஆசிரியர் சேர்ந்தாரே?" என்று கேட்டார் இவர். நியாயமான கேள்வி. வருண லிங்கத்திலிருந்து அடி அண்ணாமலை வரையில் அதைத்தான் யோசித்துக் கொண்டு நடந்தோம்.

சின்ன வயதுக்காரர்களிடம் காலம் இருக்கிறது, பணம் இல்லை. நடு வயதில் பணம் இருக்கிறது, லீவு இல்லை. பென்ஷன் வாங்கும் வயதில் லீவு இருக்கிறது, முழங்கால் இல்லை! குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் வீட்டுக்கு மே மாதமும் டிசம்பரும்தான் வேண்டும். ஊரெல்லாம் கேட்பதும் அந்த நாட்களைத்தான். அந்த சீஸனுக்குத்தான் விலையும் அதிகம். திருவண்ணாமலை என்றால் பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் கேட்பீர்கள். ஒரு விடுதியில் எத்தனை அறை இருந்தாலும், தீபம் வருஷத்துக்கு ஒன்றுதானே?

ஆகவே வயதைக் கேட்காதீர்கள், பழக்கத்தைக் கேளுங்கள். கடந்த மூன்று வருஷமாக, மெம்பர்ஷிப் இல்லாமலே, வருஷத்தில் ஒரு வாரம் குடும்பத்தோடு வெளியூர் போய் வந்திருக்கிறீர்களா? லீவு உங்கள் கையில் இருக்கிறதா? இன்னும் பதினைந்து வருஷமாவது போவீர்களா? கட்டும் பணம் வேறு யாருடைய படிப்புக்கோ கல்யாணத்துக்கோ மருந்துக்கோ வைத்ததாக இல்லாமல் இருக்கிறதா? நாலுக்கும் "ஆமாம்" என்றால் சேருங்கள். முப்பது, நாற்பது வயதில் சேர்வது நல்லது. முதலில் பழக்கம், பிறகு பத்திரம். பத்திரத்தை வாங்கிவிட்டால் பழக்கம் தானாக வரும் என்று நினைப்பது, தம்புரா வாங்கிவிட்டால் பாட்டு வந்துவிடும் என்று நினைப்பது போலத்தான்.

வாயு லிங்கம், குபேர லிங்கம். குபேர லிங்கத்தில் மட்டும் கூட்டம் அதிகம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கப்பால் இடுக்குப் பிள்ளையார். பார்த்திருக்கிறீர்களா? சின்னஞ்சிறு மண்டபம். பின் பக்கமாகத் தலையை நுழைத்து, படுத்து, பக்கவாட்டில் நெளிந்து முன் பக்கமாக வெளியே வர வேண்டும். இவர் கொஞ்சம் பூசின உடம்பு. நுழைந்துவிட்டார், நடுவில் மாட்டிக் கொண்டார். வெளியே இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கடைசியில் வியர்வையோடு வெளியே வந்ததும் முதல் வார்த்தையாக, "அந்தப் பாரத்தில், வேண்டாமென்றால் வெளியேறுவது எப்படி என்று எங்கேயாவது போட்டிருக்கிறதா?" என்று கேட்டார்.

சகோதரிகளே, அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கையெழுத்துப் போட்ட பிறகு எத்தனை நாளுக்குள் மனம் மாறலாம், பணம் முழுவதும் திரும்புமா, சந்தா வருஷத்துக்கு எவ்வளவு ஏறலாம், வரி தனியா, பிள்ளைகள் பெயருக்கு மாற்றலாமா, விற்க முடியுமா, இந்த வருஷம் போகாவிட்டால் அந்த நாட்கள் அடுத்த வருஷத்தில் சேருமா? வாயால் சொல்வது போதாது. எழுத்தில் இருக்க வேண்டும். பாரத்தை வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள். "இன்றே" என்று அவசரப்படுத்தினால், நாளைக்கு வருகிறோம் என்று எழுந்து வந்துவிடுங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால், 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தும் புகார் சொல்லலாம்.

ஈசான்ய லிங்கத்தைத் தரிசித்து அறைக்கு வந்தபோது மணி பத்து. மாமியார் தூங்கவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக் கொண்டு, இருட்டில் இன்னும் இருட்டாகத் தெரிந்த மலையைப் பார்த்துக் கொண்டிருந்தார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தை எல்லாம் சொன்னார்.

"இருபத்தைந்து வருஷமா?" என்றார் அவர். "எனக்கு இப்போதே எழுபத்தாறு. நூற்றொரு வயது வரைக்கும் என்னை இருக்கச் சொல்கிறாயா?"

மூன்று பேரும் சிரித்தோம். பிறகு அவர் மெதுவாக, "குழந்தை படிப்புப் பணத்தைத் தொடாதேடா. எனக்கு ஏழு நாள் எதற்கு? இந்த மாதிரி ஒரு நாள், நீ பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அதை மட்டும் தள்ளிப் போடாதே" என்றார்.

திங்கட்கிழமை வந்தது; போனது. பாரம் என்னிடம்தான் இருக்கிறது. பின் பக்கத்துக் கணக்குக்காகப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். மறுநாள் தபாலாபீசில் மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்கினோம். அதற்கு எங்கள் வீட்டில் பெயர் 'அண்ணாமலைக் கணக்கு'. மூன்று வருஷம் விடாமல் போய் வருகிறோமா என்று பார்க்கப் போகிறோம். பெண்ணும் அதற்குள் காலேஜை முடித்துவிடுவாள். அப்போது மெம்பர்ஷிப்பைப் பற்றிப் பேசிக் கொள்ளலாம்.

அடுத்த பிரயாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. சாத்தனூர் அணையையும் பார்க்க வேண்டும் என்கிறாள் பெண். மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: அதே அறை, அதே ஜன்னல்!