ஒரு ரூபாய்க்கு 5,120 சோழி

தாயம் உருட்டும்போதோ ஜோசியர் பலகையிலோ சோழியைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் அதற்குள் ஒரு நத்தை குடியிருந்தது என்று சொன்னால் பலரும் நம்புவதில்லை. கடல் நத்தை, விரல்நுனி அளவுதான். 1758-ல் லின்னேயஸ் அதற்கு வைத்த பெயரில் 'மொனேட்டா' என்று வருகிறது. லத்தீனில் காசு என்று அர்த்தம்.

குட்டியாக இருக்கும்போது இதுவும் மற்ற நத்தைகள் மாதிரி சுருள் ஓட்டோடுதான் இருக்கும். பருவம் வந்ததும் ஓட்டின் விளிம்பு உள்பக்கமாகச் சுருண்டு, பல் வரிசை வைத்து, வாய் ஒரு கோடாகக் குறுகிவிடும். அதற்குப் பிறகு நீளத்தில் வளராது, தடிமன்தான் கூடும். உயிரோடு இருக்கும்வரை தன் சதை மடிப்பால் ஓட்டின் வெளிப்பக்கத்தையும் போர்த்திக்கொள்வதால் பளபளப்பு போகாது. பி.காம். முதல் வருடத்தில் 'நல்ல பணத்தின் குணங்கள்' என்று ஒரு பட்டியலை உருப்போட வைப்பார்களே... ஏறக்குறைய ஒரே அளவு, கெட்டுப்போகாது, எண்ணலாம், கள்ளக்காசு அடிக்க முடியாது. ரிசர்வ் வங்கி இல்லாமலேயே அத்தனையையும் இந்த நத்தை முடித்து வைத்திருக்கிறது :-)

மாலத்தீவுதான் இதன் நாணயச் சாலை. தென்னை மட்டைகளைக் கடலில் போட்டு வைத்தால் நத்தைகள் வந்து ஒட்டிக்கொள்ளும். எடுத்து மணலில் குழி தோண்டிப் புதைத்தால் சதை அழுகி, ஓடு மிஞ்சும். 1343-ல் அங்கே போன இப்னு பதூதா விலையையும் எழுதி வைத்திருக்கிறார்: நாலு லட்சம் சோழிக்கு ஒரு பொன் தினார். அதே மனிதர் பின்னாளில் ஆப்பிரிக்காவின் மாலியில் பார்த்தது, 1,150 சோழிக்கு ஒரு தினார்! இடையில் இருக்கும் லாபத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும். இந்த லாபத்துக்காகத்தான் பிற்காலத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் சோழியை மூட்டை மூட்டையாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோயின. அங்கே அதைக் கொடுத்து அவர்கள் வாங்கியது மனிதர்களை.

இந்தப் பக்கம் வங்காளத்துக்காரர்கள் அரிசி கொடுத்துச் சோழி வாங்கினார்கள். வங்காளத்திலும் ஒரிசாவிலும் சந்தையில் இதுதான் சில்லறை. பழைய கணக்கு ஒரு ரூபாய்க்கு 5,120. 1803-ல் ஒரிசாவைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனி, நிலவரியை வெள்ளி ரூபாயில்தான் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. விவசாயி கையில் இருந்ததோ சோழி. ஊரே ரூபாயைத் தேடி ஓடினால் என்ன ஆகும்? ஒரு ரூபாய்க்குக் கொடுக்க வேண்டிய சோழி ஏறிக்கொண்டே போனது. வயல் அதே வயல், விளைச்சல் அதே விளைச்சல், பானையில் சேர்த்து வைத்த சோழியும் அதே சோழிதான். மதிப்பு மட்டும் இல்லை. (2016 நவம்பரில் அரிசி டப்பாவிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்துக்கொண்டு வங்கி வாசலில் நின்ற பாட்டிகளிடம் கேளுங்கள், நன்றாகவே சொல்வார்கள்.) கட்ட முடியாதவர்களின் நிலம் கைவிட்டுப் போனது.

1817-ல் குர்தா பகுதியில் பைக்கா வீரர்கள் பக்சி ஜகபந்து தலைமையில் கம்பெனிக்கு எதிராக ஆயுதம் எடுத்தார்கள். பறிபோன மானிய நிலம், ஏறிப்போன உப்பு விலை என்று வரலாற்று ஆசிரியர்கள் அதற்கு அடுக்கும் காரணங்களில் இந்தச் சோழியும் உண்டு.