மந்தைப் புல்லும் வரப்புப் புல்லும்

போன வருஷம் எங்க அய்யா மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 2 மூட்டை டி.ஏ.பி. போட்டார். அம்மாவின் தோட்டை அடகு வைத்து வாங்கிய மூட்டை. பட்டாசு ஆபீசில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் அம்மா வாங்கிய தோடு அது. மழை ஏமாற்றிவிட்டது. கதிர் சுண்டுவிரல் மாதிரிதான் வந்தது. தோடு இன்னும் வீடு திரும்பவில்லை.

அறிவியல் சார் வேர் உட்பூசணம் பற்றிச் சொன்னபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. பூஞ்சை என்றால் பழைய ரொட்டியில் பூப்பது, தங்கச்சி கழுத்தில் வந்த படர்தாமரை, இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ஆனால் புல், சோளம், பருத்தி எல்லாவற்றின் வேருக்குள்ளும் ஒரு பூஞ்சை குடியிருக்கிறதாம்! அதன் இழை வேர்த்தூவியைவிட மெல்லியது. வேர் நுழைய முடியாத சந்துக்கெல்லாம் போய் மணிச்சத்தும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுக்கும். கூலியாகச் செடி சர்க்கரை கொடுக்கும். மணிச்சத்தை நாமே மூட்டை மூட்டையாகக் கொட்டினால், "இனி நீ எதுக்கு?" என்று செடி கூலியைக் குறைத்துவிடும். பூஞ்சையும் குறைந்துபோகும். டி.ஏ.பி.யில் நூற்றுக்கு 46 பங்கு மணிச்சத்து.

மந்தையில் ஒரு அருகம்புல், எங்கள் வரப்பில் ஒரு அருகம்புல் பிடுங்கிக்கொண்டு போனேன். சார் வேரைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அவித்து, வினிகரில் கலந்த பேனா மையில் போட்டார். (அந்தக் காரம் கையில் பட்டால் புண்ணாகும். யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.) மைக்ராஸ்கோப்பில் மந்தை வேருக்குள் நீலக் கொடி ஓடியது, நடுவில் முட்டை முட்டையாகப் பைகள். வரப்பு வேரில் தேடித் தேடி 3 இழைதான் பார்த்தேன்.

"ரெண்டு புல்லை வச்சு முடிவு சொல்லக் கூடாதும்மா" என்றார் சார். இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே புல்வெளியைத் துண்டு துண்டாகப் பிரித்து, வேறு வேறு உரம் போட்டு 1856-லிருந்து பார்த்துவருகிறார்களாம். உரம் போடாத துண்டில்தான் புல் பூண்டு வகைகள் அதிகமாம்.

வீட்டில் சொன்னேன். "அப்ப உரமே வேண்டாங்கிறியா தாயி? பட்டினி போட்டா கதிர் பிடிக்குமா?" என்றார் அய்யா. எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாதான், "முதல்ல மண்ணைப் பரிசோதனைக்குக் குடுங்க. அப்புறம் மூட்டை வாங்கலாம். இல்லாட்டி மூக்குத்தியும் போயிரும்" என்றார்.

சனிக்கிழமை நானும் அய்யாவும் பத்து இடத்தில் குழி வெட்டி மண் எடுத்தோம். வரப்போரமும் மரநிழலும் கூடாதாம். கலந்து, பங்கு வைத்து, அரைக் கிலோ மட்டும் பையில் கட்டினோம். பை இப்போது எங்கள் வீட்டு வாசல் ஆணியில் தொங்குகிறது. நாளைக்கு அய்யா கொண்டுபோகிறார்.