கூண்டும் தூய்மையும்

'தொற்றுதல்' என்னும் சொல்லுக்கு ஒன்றைப் பற்றிக்கொண்டு ஏறுதல் என்பது பொருள். கொடி கொழுகொம்பைத் தொற்றும். புறப்பட்ட வண்டியில் ஓடிச் சென்று தொற்றிக்கொள்வாரும் உளர். இச்சொல்லை நோய்க்கு அடையாக்கித் 'தொற்றுநோய்' என்று வழங்கியவர் பொருளறிந்தே வழங்கினர். ஓர் உயிரினின்றும் மற்றோர் உயிருக்கு நோய் செல்லுவதற்கு இடையே ஒரு கொழுகொம்பு வேண்டும். அக்கொம்பு சிலபோது காற்று, சிலபோது நீர், சிலபோது நாம் அன்போடு வாங்கி மாட்டிய கூண்டின் கம்பி.

எங்கள் ஊர் சுசீந்திரம். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022-ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கூண்டின்றியே பறவைகளைக் கண்டு மகிழத்தக்க ஊர் எனலாம். ஆயினும், சிறுவர்க்குக் கைக்கெட்டும் பறவையே பறவை. எட்டாம் வகுப்பிற் பயிலும் என் பேத்தி கிளி வேண்டுமென்று கேட்டாள். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டிலிட்டு வளர்த்தல் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆதலின் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் சிறு கிளிகள் இரண்டு வீட்டிற்கு வந்தன. இவற்றின் உண்மைப் பெயர் பட்ஜெரிகர், தாயகம் ஆஸ்திரேலியா. இவற்றிற்கு உணவு தினை. குறிஞ்சிநிலத்து மகளிர் பரண்மீதிருந்து தினைப்புனங் காத்துக் கிளிகளை ஓட்டினர் என்று சங்க நூல்களைப் பாடஞ்சொன்ன யான், கோட்டாற்றுச் சந்தையில் கிளிக்கென்றே தினை வாங்கிச் சுமந்து வந்தேன். காலம் செய்த வேடிக்கை இது!

பறப்பனவற்றின் இளமைக்குப் 'பிள்ளை' என்னும் பெயர் உரித்தென்பது தொல்காப்பிய மரபு. 'கிளிப்பிள்ளை' என்று இன்றும் கூறுகின்றோம் அல்லவா? அவ்விரண்டும் வீட்டிற்குப் பிள்ளைகளாகவே இருந்தன. நான்கு திங்கள் கழிந்தபின் நீலநிறக் கிளி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கிற்று. கண்ணில் நீர் வடிந்தது. எச்சம் பச்சையாகக் கழிந்தது. மூன்றாம் நாள் விடியலில் அது கூண்டின் தரையில் இறந்து கிடந்தது. மஞ்சள்நிறக் கிளி மட்டும் எஞ்சியது. பேத்தி அழுத அழுகையை ஈண்டு விரித்தல் வேண்டா.

நாகர்கோவிலில் உள்ள கால்நடை மருத்துவர் எஞ்சிய கிளியை ஆராய்ந்து, "இது கிளிக்காய்ச்சலாக இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் உறுதிசெய்யும் வரையில் அதுவே என்று கொண்டு நடப்பது நல்லது. இது மனிதரையும் தொற்றும்," என்றார். பேத்தியின் பறவையைப் பற்றிய கவலை அந்நொடியே பேத்தியைப் பற்றிய கவலையாக மாறிற்று.

இந்நோயின் வரலாறு அறியத்தக்கது. 1879-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டில் ஒரே வீட்டைச் சார்ந்த எழுவர் கடுங்காய்ச்சலுற்றனர். அவர்களுள் மூவர் மாண்டனர். யாக்கோபு ரிட்டர் என்னும் மருத்துவர், அவ்வீட்டின் ஓர் அறையில் அயல்நாட்டுப் பறவைகளின் கூண்டுகள் இருந்ததைக் கருத்திற்கொண்டு, நோய் அவற்றிலிருந்தே வந்திருத்தல் வேண்டும் எனத் துணிந்தார். 1929, 1930-ஆம் ஆண்டுகளில் தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறிய கிளிகளோடு இந்நோயும் பல நாடுகளுக்குப் பரவிற்று. வாஷிங்டன் நகரத்தில் இதனை ஆராய்ந்த கூடத்தினுள்ளேயே ஊழியர் பலர் நோயுற்றமையால், அங்கிருந்த பறவைகளைக் கொன்று கட்டடம் முழுவதற்கும் நச்சுப்புகை இட நேர்ந்தது. கிரேக்க மொழியில் கிளியைக் குறிக்கும் சொல்லினின்றும் 'சிட்டகோசிஸ்' என்று இந்நோய்க்குப் பெயரிட்டனர். நோய்க்கிருமி பறவையின் எச்சத்திலும் மூக்குநீரிலும் வெளிப்படும். எச்சம் உலர்ந்து தூளானபின்னும் பல நாள் அழியாதிருக்கும். அத்தூளை மூச்சோடு இழுப்பவரைப் பற்றும்.

எனவே, கூண்டைத் தூய்மை செய்வோர் முதற்கண் விலக்க வேண்டியது துடைப்பம். உலர்ந்த எச்சத்தைப் பெருக்குவது நோயைக் காற்றில் ஏற்றி மூக்கிற்கு அனுப்புவதாகும். எஞ்சிய கிளியை அடுத்த வீட்டார் ஈந்த சிறு கூண்டிற்கு மாற்றிப் புறம்பான அறையில் வைத்தோம். மருத்துவர் பணித்தவாறு நானும் என் மகனும் கையுறையும் நெருங்கிய முகக்கவசமும் அணிந்தோம். பேத்தியை அருகில் வரவிடவில்லை. பெரிய கூண்டைக் கொல்லைப்புறம் கொணர்ந்து, உள்ளிருந்த தாளையும் உமியையும் சவர்க்காரநீர் தெளித்து நன்றாக நனைத்து, மெல்லச் சுருட்டி உறையிலிட்டுக் கட்டினோம். மரத்தாலான உட்காரு கோல்களை எரித்துவிட்டோம். மரத்தின் நுண்துளைகளில் புகுந்த அழுக்கை எவ்வளவு கழுவினும் போக்கல் அரிது.

என் இல்லத்தரசி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கொணர்ந்தாள். சாம்பிராணிப் புகை இட வேண்டும் என்றும் கூறினாள். மருந்துவாழ்மலையை நாள்தோறும் கண்டு வளர்ந்தவர்க்கு மூலிகைமேல் பற்று இருப்பது இயல்பே. யானும் அப்பற்றுடையேன். எனினும், பறவையின் மூச்சுறுப்பு மிக நொய்தாதலின் புகை அதற்குப் பகை என்று மருத்துவர் தடுத்திருந்தார். வேம்பையும் மஞ்சளையும் இக்கிருமிக்கு எதிராக நம்புதற்கில்லை என்பதும் அவர் கருத்து.

குளோரின் சலவைநீரே அவர் கூறிய மருந்து; ஒரு பங்கிற்கு 32 பங்கு நீர். ஆனால், அதனை எடுத்த எடுப்பில் ஊற்றலாகாது. இதனைப் பலரும் அறியார். எச்சமும் உணவுத்துணுக்கும் ஒட்டியிருக்கும் கம்பியில் குளோரினை ஊற்றினால், அது அந்த அழுக்கோடு பொருதே தன் ஆற்றலைச் செலவிட்டுவிடும்; கிருமியோ அழுக்கின் அடியில் இருந்து தப்பும். முதலிற் சவர்க்காரமும் நாருங்கொண்டு தேய்த்து, மூலை முடுக்குகளையும் கம்பிகள் கூடும் இடங்களையும் விளக்கி, கண்ணுக்கு மாசற்றதாகச் செய்தல் வேண்டும். அதன்பின்னரே மருந்து. ஊற்றியவுடன் கழுவிவிடாது 10 நிமிடம் நனைந்தே இருக்க விடுதல் வேண்டும். என் மகன் கடிகாரத்தைப் பார்த்து நின்றான். உலரத் தொடங்கிய இடங்களை யான் மீண்டும் நனைத்தேன். பின்பு நல்லநீர் விட்டுப் பலமுறை அலசினோம். அலசாவிடில் கம்பி துருப்பிடிக்கும், நெடியும் நிற்கும். கழிப்பறை கழுவும் அமிலத்தையோ அம்மோனியாவையோ இச்சலவைநீரோடு கலத்தல் கூடவே கூடாது, நச்சுவாயு எழும்.

இக்குளோரின் புதிதன்று. 1847-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்பார், மகப்பேறு பார்க்குமுன் மருத்துவர்கள் குளோரின் சுண்ணாம்பு கரைத்த நீரிற் கைகழுவ வேண்டுமென விதித்தார். ஏப்ரல் திங்களில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்மார் இறப்பு, ஜூன் திங்களில் நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது. அக்காலத்து மருத்துவருள் பலர் அவரை ஏற்கவில்லை. தம் கையே நோயின் கொழுகொம்பு என்பதை ஒப்ப எவர்க்குத்தான் மனம் வரும்? நம் மாவட்டத்தார் அண்மையிலும் இத்தகைய காவலைக் கண்டனர். 2021 ஜனவரியில் கேரளத்தில் பறவைக்காய்ச்சல் பரவியபோது, களியக்காவிளை எல்லையில் வண்டிகளின்மேல் கிருமிநாசினி தெளித்தனர். அங்குச் சக்கரம், இங்குக் கூண்டு.

கழுவிய கூண்டு அன்று மாலையே பளபளத்தது. பேத்தி அதனைக் கண்டு, "தாத்தா, கூண்டுதான் கழுவியாயிற்றே, மஞ்சள் தனியாகக் கத்துகிறது, இன்றைக்கே விட்டுவிடலாமா?" என்றாள். அவள் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் முகந்து பார்த்தபோது குளோரின் நெடி சற்றே இருந்தது. நமக்குச் சற்றே எனத் தோன்றுவது கைப்பிடியளவு உயிர்க்கு மிகையாகும். இரண்டு நாள் முழுவெயிலில் வைத்தோம். நெடி அறவே அகன்றபின், கொய்யாக் கிளைகளைப் புதிதாக வெட்டிக் கழுவிப் பொருத்தினோம். மூன்றாம் நாள் மஞ்சட்கிளி தன் இடம் புகுந்தது. அது இருந்த சிறு கூண்டையும் அவ்வாறே தூய்மைசெய்து உரியவரிடம் சேர்ப்பித்தோம்.

மருந்து 45 நாள் தொடர வேண்டும் என்றும், அது முடியுந் தறுவாயில் கூண்டை மீண்டும் ஒருமுறை இவ்வாறே கழுவ வேண்டும் என்றும் மருத்துவர் எழுதித் தந்தார். வீட்டில் எவர்க்கேனும் காய்ச்சலும் தலைவலியும் வறட்டிருமலும் வரின், மருத்துவரிடம் கிளி வளர்ப்பதை மறவாது சொல்ல வேண்டும் என்பதும் அத்தாளில் இருந்தது. நல்வேளையாக எவர்க்கும் வரவில்லை. 45 நாளும் காலைதோறும் என் மகன் தாளை நனைத்தே எடுத்தான். பேத்தி நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள். இரண்டாம் முறை கழுவியபோது கடிகாரம் பார்க்கும் வேலையைத் தனக்கெனக் கேட்டு வாங்கிக்கொண்டு, திண்ணையில் தொலைவாக நின்று, நிமிடங்களை உரக்க எண்ணினாள்.