வண்டியின் டாப்பும் ஆன்டெனாதான்

செப்டம்பர் 14, 2019, சனி

நவம்பர் வருவதற்குள் வண்டியின் ரேடியோவைச் சரிசெய்துவிட வேண்டும் என்று இன்று முடிவெடுத்தேன். போன ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கரையேறியது. அடுத்து வந்த நாட்களில் காயம்பட்ட மாடுகளையும் ஆடுகளையும் தேடி ஊர் ஊராகப் போனபோது செல்போன் வெறும் கடிகாரமாகத்தான் பயன்பட்டது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. எந்தச் சாலையில் தென்னை விழுந்து கிடக்கிறது, எங்கே முகாம் போட்டிருக்கிறார்கள் என்று சொல்ல மிஞ்சியிருந்தது ரேடியோ ஒன்றுதான். என் வண்டியில் அதுவும் துண்டு துண்டாகத்தான் கேட்டது.

திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸில், 100 கிலோவாட் சக்தியில் ஒலிபரப்பாகிறது. வேதாரண்யம் அங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். நடுவில் மலை கிடையாது, சமவெளிதான். வீட்டில் உள்ள பழைய டிரான்சிஸ்டரை வேதாரண்யத்துக்குக் கொண்டுபோய் வைத்தால் தெளிவாகப் பேசுகிறது. ஆகவே குறை நிலையத்தில் இல்லை. முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பட்டை ஆன்டெனாவில்தான் இருக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

தஞ்சாவூர் கீழவாசலில் கார் எலக்ட்ரீஷியன் கடை. என்ன வேண்டும் என்று சொன்னதும் கடைக்காரத் தம்பிக்கு முகம் மாறிவிட்டது.

“டாக்டர், நல்ல டாப்ப போய் ஏன் ஓட்ட போடணும்? ஆம்ப்ளிஃபயர் வச்ச ஆன்டெனா வந்துருக்கு. ஒட்டுனா போதும்.”

ஆம்ப்ளிஃபயர் சிக்னலை மட்டும் பெருக்குவதில்லை, உள்ளே வரும் இரைச்சலையும் சேர்த்தேதான் பெருக்குகிறது. முதலில் ஆன்டெனா நல்ல சிக்னலைப் பிடிக்க வேண்டும். பெருக்குவது அதற்கு அப்புறம். கம்பி ஆன்டெனா என்றால் நாம் கம்பியை மட்டும் பார்க்கிறோம். அது பாதிதான். கம்பியின் அடியில் நான்கு பக்கமும் விரிந்திருக்கும் இரும்புத் தகடு மறுபாதி. கம்பியில் ஓடும் மின்னோட்டம் திரும்பிச் செல்ல அந்தத் தகடு வேண்டும். காரில் அதற்கு வண்டியின் டாப்பைவிட நல்ல இடம் கிடையாது. உயரமும் அங்கேதான், சுற்றிலும் சமமாகத் தகடும் அங்கேதான்.

இதையெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல தம்பி பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு உள்ளே போய், 75 சென்டிமீட்டர் ஸ்டீல் கம்பியும் ரப்பர் அடித்தட்டும் உள்ள சாதாரண டாப் ஆன்டெனா ஒன்றைத் தூசி தட்டி எடுத்துவந்தான். எனக்கு வேண்டியது அதேதான். 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் அலையின் நீளம் 3 மீட்டர்; அதில் கால்பங்கு 75 சென்டிமீட்டர். மீடியம் வேவுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. 936-இன் அலைநீளம் 320 மீட்டர், அதில் கால்பங்கைக் காரில் நட முடியாது. அங்கே கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு லாபம், கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு லாபம்.

செப்டம்பர் 18, புதன்

வேலை முடிந்து வந்து உள்விளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். தகட்டுக்கு அடியில் குறுக்கே ஒரு பட்டி ஓடுகிறது. அதற்கு நான்கு விரல் முன்னால், நடுக்கோட்டில் இடம் குறித்தேன். பின்பக்கம் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்கிறாள் மனைவி. அழகுதான், ஆனால் கேபிள் மூன்று மடங்கு நீளும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலையிலேயே தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினோம். பிறகு சன்வைசர், கைப்பிடி, கதவோரப் பீடிங். ரூஃப் லைனிங்கின் முன்பாதி கீழே இறங்கியதும் மடிப்பு விழாமல் அதன் அடியில் இரண்டு தலையணையை முட்டுக்கொடுத்தோம். அதற்கும் தகட்டுக்கும் இடையே ஒரு பலகைத் துண்டும் வைத்தோம். டிரில் நழுவி இறங்கினால் லைனிங் கிழியக் கூடாது.

மேலே மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி, இரண்டு பக்கப் பீடிங்கிலிருந்தும் அளந்து நடுவைக் குறித்தேன். சென்டர் பஞ்சை வைத்து லேசாக ஒரு தட்டு. பலமாகத் தட்டினால் மெல்லிய தகடு குழிந்துவிடும். முதலில் 3 மில்லிமீட்டர் பிட், அதன்பின் படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட். தம்பி டிரில்லை மெதுவாக ஓட்டினான். வேகம் கூடினால் பெயின்ட் கருகும். சுருள் சுருளாக வந்த இரும்புத் துகளை உடனுக்குடன் காந்தத்தால் எடுத்தேன். ஒரு துகள் டாப்பில் தங்கினாலும் நாலு நாளில் துருப்பிடித்துக் கறை போடும்.

ஓட்டை விழுந்ததும் விளிம்பை அரத்தால் மழித்து, அதன் மேல்பக்கத்திலும் வெட்டு முகத்திலும் பிரைமர் தொட்டு வைத்தோம். உள்பக்கம் செய்ததுதான் இந்த வேலைக்கே உயிர். அங்கே ஓட்டையைச் சுற்றி வாஷர் உட்காரும் அளவுக்கு எமரி தாளால் தேய்த்துப் பெயின்டை முழுதாக எடுத்து, இரும்பைப் பளபளவென்று வெளியே கொண்டுவந்தேன். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. பல் வைத்த வாஷர் பச்சை இரும்பைக் கடித்துக்கொண்டு நின்றால்தான் எர்த்.

முறுக்கியபின் மல்டிமீட்டர் வைத்தோம். இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டபோது 0.3 ஓம். ஆன்டெனாவின் வாஷருக்கும் கதவு போல்ட்டுக்கும் இடையே அதே 0.3. அதாவது டாப்பும் ஆன்டெனாவும் ஒன்றாகிவிட்டன. நடுக்கம்பிக்கும் உடம்புக்கும் இடையே தொடர்பே இல்லை. அதுவும் அப்படித்தான் இருக்க வேண்டும். தம்பி மீட்டரைத் தானே வாங்கி இன்னொரு முறை வைத்துப் பார்த்தான். “இதுவரைக்கும் யாருக்கும் உள்ள தேய்ச்சுக் குடுத்ததில்ல டாக்டர்” என்றான். எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது. இனிமேல் தேய்ப்பான்.

உள்ளே பளபளத்த இரும்பின் மேல், முறுக்கிய வாஷரைச் சுற்றி, கிரீஸ் பூசினோம். மேலே ரப்பர் அடித்தட்டின் ஓரத்துக்கு சிலிகான். புளித்த வாடை அடிக்கும் ரகம் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் இரும்பை அரிக்கும் என்று வாடையில்லாத டியூபை முன்பே வாங்கி வைத்திருந்தேன்.

செப்டம்பர் 23, திங்கள்

கேபிளை முன் தூண் வழியாக இறக்கி ரேடியோவின் பின்னால் செருகினேன். டிவி கேபிள் மிச்சம் இருக்கிறது, ஒட்டு போட்டுவிடலாமே என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கூடாது. கார் ரேடியோ கேபிளின் நடுக்கம்பி முடிபோல மெல்லியது, சுற்றிலும் பெரும்பாலும் காற்றுதான் இருக்கும். மீடியம் வேவ் சிக்னல் வழியிலேயே கரைந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் கேட்டால் 936 கண்ணாடிபோலத் துலக்கம். ஸ்டார்ட் செய்ததும் மெல்லிய சீற்றம் ஒன்று. ஆக்சிலரேட்டரை மிதித்தபோது அதன் சுருதி ஏறவில்லை, ஆகவே ஆல்டர்னேட்டர் இல்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் மலிவு செல்போன் சார்ஜர் மாட்டிக்கொண்டது. உள்ளே வேகமாக அணைந்து எரியும் சுவிட்ச் சுற்று அந்தச் சீற்றத்தைக் காற்றில் கொட்டுகிறது. கழற்றிப் போட்டேன். புயல் நேரத்தில் போனுக்குச் சார்ஜ் வேண்டும்தான், ஆனால் செய்தி நேரத்தில் அது வேண்டாம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஹோஸ் பைப்பை டாப்பின் மேல் அரைமணி நேரம் திறந்துவிட்டு, உள்ளே ஓட்டையைச் சுற்றி டிஷ்யூ தாள் ஒட்டிப் பார்த்தோம். தாள் காய்ந்தே இருந்தது. லைனிங்கை ஏற்றி மாட்டினோம்.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. மச்சானையும் கூட்டிக்கொண்டு, முதலில் எதிர்த்திசையில் வல்லம். கொடைக்கானல் பண்பலை 100.5-ஐப் போட்டேன். அந்தக் கோபுரம் நிற்பது ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில். அந்த உயரத்திலிருந்து எஃப்எம் அலைக்குத் தொடுவானம் ஏறக்குறைய 190 கிலோமீட்டர் தூரத்தில் விழும். தஞ்சாவூர் கிட்டத்தட்ட அந்த விளிம்பில் இருக்கிறது. கண்ணாடிப் பட்டையில் வெறும் இரைச்சலாக இருந்த நிலையம் இன்று பாட்டாக வந்தது. இடையிடையே மங்கினாலும் அறிவிப்பாளரின் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

பிறகு வண்டியைத் திருப்பி மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். வழி நெடுக திருச்சி ஒரே சீராகப் பேசிக்கொண்டு வந்தது. உயர் அழுத்த மின்கம்பி சாலையைக் கடக்கும் இடங்களில் மட்டும் நொடிப்பொழுது உறுமல். கோடியக்கரை நெருங்கியதும் எஃப்எம் பக்கம் இலங்கைத் தமிழ் நிலையங்கள் வரிசையாக நிரம்பின. யாழ்ப்பாணம் கடலுக்கு அப்பால் இவ்வளவு பக்கத்தில்தானே இருக்கிறது. புயல் எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு கரையின் செய்தியும் இனி இந்த வண்டிக்குக் கிடைக்கும்.

திரும்பும்போது மச்சான் தன் புது வண்டிக்கும் இதேபோல் போட வேண்டும் என்றார். அதில் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் இருக்கிறது. டாப் ஓரத்திலும் தூணிலும் மடித்து வைத்திருப்பார்கள். அதன் முன்னால் கேபிளை ஓட்டினால் ஏர்பேக் விரியும் வழியை அது மறித்துவிடும். ஆகவே வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் படத்தைப் பார்த்து, கேபிளுக்கு வேறு தடம் கிடைத்தால்தான் ஓட்டை போடுவது என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தோடு வருகிறார்.